ஆனர்ஸ் வகுப்பும் தெருமுனை ஃப்ளெக்ஸும்

ஆனர்ஸ் என்றால் என்னவென்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாது என்று ஒருவரும் ஒப்புக்கொள்ளவும் மாட்டார்கள். திருவொற்றியூரில் யாரிடமாவது வழி கேட்டுப் பாருங்கள். நீங்கள் கேட்ட ஆள் ஒரு வழி சொல்வார், பக்கத்தில் டீ குடிப்பவர் அதைத் திருத்துவார், எதிர்க்கடைக்காரர் இறங்கி வந்து இருவரையும் திட்டிவிட்டுப் புதிதாக ஒன்று சொல்வார். அப்படிப்பட்ட ஊரில் பிறந்த எனக்குத்தான் அந்த வகுப்பு வாய்த்தது.

நான் கணிதம் படித்தது நகரத்தின் தென்கோடியில் இருக்கும் ஓர் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தில். இளங்கலை மூன்றாம் ஆண்டில் கொஞ்சம் பேரை மட்டும் பொறுக்கியெடுத்து ஆனர்ஸ் என்று தனி வகுப்பு வைப்பார்கள். வழக்கமான பாடங்களுக்கு மேல் இது. பாடப்புத்தகம் கிடையாது. பேராசிரியர் பாடம் நடத்தவும் மாட்டார். ஒரு தேற்றத்தைக் கொடுத்துவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வார். வாரம் ஒருவர் கரும்பலகைக்குப் போய் அதை நிரூபிக்க வேண்டும். யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. முட்டிக்கொண்டு நின்றால், "எனக்குத் தெரியவில்லை" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் மற்றவர்கள் வாயைத் திறப்பார்கள்.

அதற்குப் பின் நடப்பது தனிக் கச்சேரி. ஆளாளுக்கு எழுந்து வந்து எழுதுவார்கள், அழிப்பார்கள், சண்டை போடுவார்கள். பிஎச்.டி. அண்ணன்கள் வாசலில் நின்று எட்டிப்பார்த்து, பொறுக்க முடியாமல் உள்ளே வந்து ஒரு வரி எழுதிவிட்டுப் போவார்கள். தலையெல்லாம் சாக்பீஸ் தூளோடு நான் ரயிலேறுவேன். இன்று நினைத்தாலும் ஏக்கமாக இருக்கிறது. அப்படி ஓர் அறை அதன் பிறகு எனக்கு எங்குமே கிடைக்கவில்லை.

என் முறை வந்தபோது பாதியில் மாட்டிக்கொண்டேன். அதில் ஒன்றும் தவறில்லை, அங்கே மாட்டிக்கொள்ளாதவர் யார்? ஆனால் 'எனக்குத் தெரியவில்லை' என்ற அந்த இரண்டு சொற்கள் என் வாயில் வரவில்லை. நேரம் முடியும்வரை பலகையைப் பார்த்தபடியே நின்றேன். அடுத்த வாரமும் அதே கதைதான்.

பேராசிரியர் கோபப்படவில்லை. "வர்ற வெள்ளிக்கிழமையும் நீங்களே போங்க. ஆனர்ஸ் வேண்டாம்னா அதுக்கு முன்னாடி சொல்லிடுங்க, ஒண்ணும் குறைஞ்சு போகாது" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கோ மானம் கப்பலேறியதுபோல் இருந்தது. விட்டுவிடுவது என்று ரயிலிலேயே முடிவு செய்தேன்.

எங்கள் தெருமுனைக்கு வந்தால், டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் என் முகம். ஹால் டிக்கெட் படத்தைப் பெரிதாக்கி ஃப்ளெக்ஸ் அடித்திருந்தார்கள். என் திருட்டு முழியும் சேர்ந்து பெரிதாகியிருந்தது. 'ஆனர்ஸ் பட்டம் வென்ற எங்கள் வீட்டுத் தங்கமே, வாழ்க!' கீழே வரிசையாக அப்பாவின் நண்பர்கள். எல்லோருக்கும் கூலிங்கிளாஸ், எல்லோர் காதிலும் செல்போன்.

அப்பா துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப் போகும் டிரைலர் ஓட்டுநர். எண்ணூர் சாலையில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும்போது பேச்சுக்கா பஞ்சம்? மகளுக்கு ஆனர்ஸ் கிடைத்திருக்கிறது என்று இவர் சொல்லியிருக்கிறார். அது பெரிய பட்டம் என்று இவருடைய தோஸ்து அடித்துச் சொல்லியிருக்கிறார். அவரும் டிரைலர் ஓட்டுநர், நான் மாமா என்று கூப்பிடுபவர். ஃப்ளெக்ஸ் அவர் ஏற்பாடு.

எனக்குத் தலைக்குமேல் கோபம் வந்தது. டீக்கடை ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறி, கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தேன்.

"இன்னாமா பண்றே? எறங்கு!" என்று மாமா கடைக்குள்ளிருந்து ஓடிவந்தார். பின்னாலேயே அப்பா.

"இது பட்டம் இல்ல மாமா. வெறும் க்ளாஸு. அதையும் நான் வுடப் போறேன்."

அப்பாவின் முகம் வாடிப்போனது. வகுப்பில் என்னதான் நடக்கிறது என்று கேட்டார். ஸ்டூலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

மாமா அப்பாவைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். "தெரியாதுன்னு சொல்றதுக்கு ஒரு க்ளாஸா? அதுக்கு ஒரு வாத்தியாரு, லாஸ்ட் பெஞ்சுல குந்திகினு! இன்னா மாமு, நம்ம புள்ளைய நல்லா ஏமாத்திகினு கீறானுங்க."

எனக்குச் சுருக்கென்றது.

"அப்டிலாம் பேசாத மாமா! உனக்கு இன்னா தெரியும் அதப் பத்தி? ஒருத்தரு தெரியலன்னு சொன்னா, அத்தினி பேரும் எழுந்து வந்து கூட நிப்பாங்க. போன மாசம் ஒரு கணக்கு, எவனுக்கும் வரல. வாரக்கணக்கா மண்டைய ஒடச்சிகினோம். கடைசில ஒரு பொண்ணு போயி ஒரே ஒரு கோடு போட்டா. அவ்ளோதான், மொத்தமும் தொறந்துகிச்சு! க்ளாஸே கை தட்டிச்சு. வூட்டுக்கு வர்ற வரிக்கும் எனக்கு அதே நெனப்பு. அந்த மாறி க்ளாஸு எந்தக் காலேஜுல கீது, சொல்லு பாப்போம்!"

மூச்சு வாங்கியது. மாமா சிரிப்பை நிறுத்திவிட்டார். டீக்கடையில் இருந்தவர்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஸ்டூல் ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்த அப்பா கேட்டார். "இவ்ளோ ஆசைய வெச்சிகினு இன்னாத்துக்குமா வுடறேன்றே?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். தூரம், ரயில், மற்ற பாடங்கள் என்று என்னென்னவோ தோன்றியது. எல்லாம் பொய்.

"தெரியல நைனா" என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

யாரும் சிரிக்கவில்லை. அப்பா என் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். பிறகு அவரே ஏறி ஃப்ளெக்ஸை அவிழ்த்தார். "என் மூஞ்சி இருக்கற பக்கத்தயாவது வுட்டு வை மாமு" என்று மாமா கீழே நின்று புலம்பியதும், என்னை மீறிச் சிரித்துவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை கரும்பலகையில் பாதிவரை எழுதினேன். அதே இடத்தில் மாட்டிக்கொண்டேன். சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டே வகுப்பைப் பார்த்துத் திரும்பி, "எனக்குத் தெரியவில்லை" என்றேன். குரல் கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. உடனே பெஞ்சுகள் நகர்ந்தன. எல்லோரும் எழுந்து என் பக்கம் வந்துகொண்டிருந்தார்கள்.