காயில்கடை அண்ணனும் தங்கச்சிமாரும்

வார்னிஷ் ஊற்றிய மோட்டார் ஒன்று வாசல் வெயிலில் காய்கிறது. அதன் சொந்தக்காரர் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்ச வழியில்லாமல் பக்கத்திலேயே நின்று தலையைச் சொறிகிறார். கடைக்குள் ஆவுடைநாயகமோ நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, மிளகளவு பச்சைப் பாசிமணியின் துளைக்குள் செம்புக் கம்பியை நுழைத்துக்கொண்டிருக்கிறார்.

"அண்ணாச்சி, வாழை வாடுது."

"வார்னிஷ் காயணும்லா? அதுவரைக்கும் நான் வானத்தப் பாத்துக்கிட்டா இருக்க முடியும்? இதுக்கு அடுத்தாப்ல மஞ்சள் கோக்கட்டா, சிவப்பா? பாத்துச் சொல்லும் வே."

வந்தவர் மோட்டாரை மறந்துவிட்டு, "மஞ்சள்தான் எடுப்பா இருக்கும்" என்கிறார். சேரன்மகாதேவியில் ஆற்றுக்குப் போகிற ரோட்டில் இருக்கும் அந்தக் காயில்கடைக்கு வருகிற யாருக்கும் இந்தக் கதிதான். எரிந்த மோட்டாரோடு காயில் கட்ட வருவார்கள், பாசிக்கு நிறம் சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஆவுடைநாயகத்துக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஆள் கனத்த சரீரம். விரல் ஒவ்வொன்றும் பூவன்பழம் மாதிரி இருக்கும். அந்த விரலால் எப்படித்தான் இந்தப் பொடிப் பாசியைப் பிடிக்கிறாரோ என்று பார்க்கிறவர்களுக்கு அதிசயம். அவருக்கு அது ஒன்றும் அதிசயமில்லை. முப்பது வருஷமாகத் தலைமுடி போன்ற கம்பியைச் சுற்றிச் சுற்றிப் பழகிய கை. சுற்று ஒன்று கூடினாலும் குறைந்தாலும் மோட்டார் முனகும். மாலை அப்படி முனகாது, அதுதான் அதில் சுகம் என்பார்.

ஆரம்பித்தது ஒரு திருச்செந்தூர் பயணத்தில். மனைவி இசக்கியம்மாளுக்குக் கடற்கரைக் கடையில் ஒரு பாசிமாலை வாங்கிக் கொடுத்தார். திரும்பும் பஸ்ஸிலேயே நூல் அறுந்து மணியெல்லாம் சீட்டுக்கடியில் ஓடிவிட்டது. குனிந்து பொறுக்கி வந்ததைக் கடையில் மிஞ்சிய செம்புக் கம்பியில் கோர்த்து, நோஸ் பிளையரால் நுனியைச் சுருட்டி, இடையிடையே கம்பியிலேயே குட்டிக் குட்டிச் சுருளும் வைத்துக் கொடுத்தார். இசக்கியம்மாள் அதைப் போட்டுக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனாள். அவ்வளவுதான், தெருவே கடைக்கு வந்துவிட்டது.

கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். காசு கொடுத்தால் முகம் சுருங்கிவிடும். "விக்கதுக்கு மோட்டார் இருக்கு தாயி, இது சும்மா சந்தோஷத்துக்கு." ஆனால் ஊர் சும்மா இருக்குமா? அடுத்தவன் பெண்டாட்டி கழுத்துக்கு இவர் மாலை கோர்ப்பதாவது என்று டீக்கடையில் ஒரு பேச்சு கிளம்பியது. ஆவுடைநாயகம் பயந்துபோய்ப் பாசி டப்பாவைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார். இசக்கியம்மாள்தான் ஏறி எடுத்து வந்தாள்.

"நல்லாத்தான் பயந்திய, போங்க. குடுக்கும்போது 'இந்தா தங்கச்சி, அண்ணன் குடுக்கேன்'னு நாலு பேருக்குக் கேக்குத மாதிரி சொல்லிக் குடுங்க. பெறகு எவன் பேசுதான்னு நான் பாக்கேன்."

அன்றிலிருந்து அதுதான் சட்டம். தங்கச்சி என்று சொல்லாமல் ஒரு மணி கைமாறாது. அறுபது வயது ஆச்சியானாலும் தங்கச்சிதான், பத்தாம் வகுப்புப் பிள்ளையானாலும் தங்கச்சிதான். இதில் அவர் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. தங்கச்சிகள் அந்த உறவை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். பொங்கல் நெருங்கினால், "அண்ணே, மாலை வந்துட்டு, பொங்கப்படி எங்க?" என்று பிறந்த வீட்டுச் சீர் கேட்டு வாசலில் வந்து நிற்பார்கள். இசக்கியம்மாள் உள்ளேயிருந்து, "ஒங்க எல்லாருக்கும் கரும்பு குடுக்கணும்னா ஆத்துத் தண்ணி பாயுத வயலு பூரா கரும்பு போட்டாலும் காணாதுட்டீ!" என்று குரல் கொடுப்பாள். அவர்களுடைய புருஷன்மாரோ இவரை மச்சான் ஆக்கிவிட்டார்கள். வேலைக்கு அவசரப்படுத்துகிறவர்கள்கூட இப்போது, "மச்சான், ஒங்க தங்கச்சி சோறு பொங்கத் தண்ணியில்லாம நிக்கா" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அந்த மோட்டார் மட்டும் முதலில் தயாராகிவிடும்.

யாருக்கு எந்தப் பாசி என்பதில் அவருக்கென்று ஒரு கணக்கு உண்டு. வாய் ஓயாதவளுக்குப் பொடிமணி, அதுவும் நெருக்கமாக. பேசாத பெண்ணுக்கு ஒன்றோடொன்று இடிக்கிற பெரிய கண்ணாடி மணி. "அவதான் பேச மாட்டேங்கா, மாலையாவது பேசட்டும்." பத்தமடையிலிருந்து தண்ணீர் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்த ஷம்ஸியாவுக்கு ஊதாவும் வெள்ளையும் கலந்து கொடுத்தார். அவள் புருஷன் வெளிநாட்டில் இருக்கிறான். போனில் முகம் பார்த்துப் பேசும்போது, மாலை ஏது என்று கேட்டிருக்கிறான். அண்ணன் கொடுத்தது என்றாளாம். "நான் விமானம் ஏறும்போது ஒனக்கு அண்ணனே கிடையாதே, எப்ப மொளச்சாரு?" என்று அவன் சிரித்தானாம். அதற்கப்புறம் நோன்பு மாதம் முழுக்கக் காயில்கடைக்கு ஒரு தூக்குவாளி கஞ்சி வந்துவிடுகிறது.

ஒரு குறையும் உண்டு, தங்கச்சிகள் போடும் மாலையில். கொஞ்சம் வார்னிஷ் வாடை அடிக்கும். யாரும் அதை அவரிடம் சொன்னதில்லை.

இவருக்கு ஏன் இத்தனை தங்கச்சி ஆசை என்றால், கூடப் பிறந்தது நாலும் ஆண். இசக்கியம்மாளுக்கும் உடன்பிறந்தவர்கள் அக்காமார் மட்டுந்தான். ஆகவே சொந்தத்தில் இருக்கும் பிள்ளைகளெல்லாம் இவரைப் பெரியப்பா, சித்தப்பா என்றுதான் கூப்பிடுகின்றன. தாய்மாமன் என்று இவரைச் சொல்ல ஒரு பிள்ளை இல்லை. காதுகுத்து வீடுகளில் மாமன்மார் பட்டுத்துண்டும் சந்தனமுமாக மணையில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வாங்கும்போது, இவர் கையில் யாராவது தேங்காய்ப் பையைக் கொடுத்திருப்பார்கள். பாசி வாங்கிய தங்கச்சிகள் லட்டு கொடுத்தார்கள், முதல் பந்தியில் உட்கார வைத்தார்கள். மடி மட்டும் கூடப் பிறந்தவனுக்குத்தான். அது நியாயந்தானே என்பார் ஆவுடைநாயகம். சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்ப்பார்.

போன மாசியில்தான் பிரியதர்ஷினி வந்தாள். எதிர்த்த இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிற பெண். தாய் தகப்பன் இல்லை. அண்ணன் சங்கரசுப்பிரமணியன்தான் லாரி ஓட்டி வளர்த்து ஆளாக்கினான். அவள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து அவன் பேச்சை நிறுத்திவிட்டான்.

"அண்ணே, பிள்ளைக்குத் திருச்செந்தூர்ல மொட்டை போட்டுக் காது குத்துதோம். மாமன் மடிக்கு நீங்க வந்து உக்காருவியளா?"

கையிலிருந்த தட்டு நழுவிப் பாசியெல்லாம் மோட்டார்களுக்கு அடியில் உருண்டது. "உக்காருதேன் தாயி" என்றார். அன்று கட்டிய காயிலை மறுநாள் பிரித்து மறுபடியும் கட்ட வேண்டியதாயிற்று.

வீட்டில் ஒத்திகை நடந்தது. சம்மணம் போட்டு உட்கார்ந்து, தலையணையை மடியில் வைத்து, தலை எந்தப் பக்கம், கால் எந்தப் பக்கம் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். இசக்கியம்மாள் வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். "தலகாணிக்கு எப்பம் காது குத்துதிய?" பிள்ளைக்குக் கருப்பும் வெள்ளையுமாகப் பாசி வளையல் கோர்த்தார். வாயில் வைத்து இழுத்தால் மணி கழன்றுவிடுமோ என்று பயந்து, பிரித்து இரட்டைக் கம்பியில் மறுபடியும் கோர்த்தார்.

ஆனால் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. கூடப் பிறந்த அண்ணன் ஒருத்தன் உயிரோடு இருக்கையில், அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் அந்த மடியை எடுத்துக்கொள்வதா? கடைசியில் யாரிடமும் சொல்லாமல் சங்கரசுப்பிரமணியனுக்குப் போன் போட்டார். நாள், நேரம், மண்டபம் எல்லாம் சொன்னார். "பிள்ளைக்கு மூக்கு ஒங்க மாதிரிதான்னு சொல்லுதாவ தம்பி" என்றார். அவன் போனை வைத்துவிட்டான். ஆவுடைநாயகத்துக்கு உள்ளூரச் சந்தோஷம். நம் கடமையை நாம் செய்துவிட்டோம், அவன் வரவும் மாட்டான். இப்படி நினைத்ததற்காகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார், சந்தோஷம் என்னவோ போகவில்லை.

திருச்செந்தூர் மண்டபத்தில் அன்று நல்ல கூட்டம், நல்ல காற்று. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய பிள்ளையைக் கொண்டுவந்து மடியில் வைத்தார்கள். அடேயப்பா, தலையணையை விட எவ்வளவு கனம்! ஆசாரி கம்பியைத் துடைத்து எடுத்தார். அப்போதுதான் வாசலில் ஒருவன் கையில் பையோடு, உள்ளே வரலாமா வேண்டாமா என்று நிற்பது தெரிந்தது. பிரியதர்ஷினி எழுந்தேவிட்டாள். மூக்கைப் பார்த்ததும் ஆவுடைநாயகத்துக்கு ஆள் யாரென்று புரிந்துவிட்டது.

பாவி, இன்னும் ரெண்டு நிமிஷம் கழித்து வந்திருக்கக் கூடாதா! மனசு அப்படித்தான் அடித்துக்கொண்டது. பிள்ளையை ஒருமுறை இறுக்கிக்கொண்டார். பிறகு எழுந்தார்.

"அங்கனயே நின்னா எப்படி? வா தம்பி, வந்து மணையில உக்காரு. பிள்ள காத்துக்கிட்டிருக்கா."

சங்கரசுப்பிரமணியன் வந்து உட்கார்ந்தான். பிள்ளையை வாங்கியதுதான் தாமதம், அதன் சந்தனத் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். "ஏ அண்ணே, அழாத" என்று அவன் தோளைப் பிடித்துக்கொண்டு பிரியதர்ஷினியும் அழுதாள். வலது காதில் கம்பி ஏறியது. பிள்ளை போட்ட சத்தத்தில் கடல் சத்தமே கேட்கவில்லை. ஆவுடைநாயகம் தூணோரமாக நின்று பிள்ளைக்கு வேடிக்கை காட்டக் கையைத் தட்டிக்கொண்டிருந்தார். நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. மடி மட்டும் வெறுமையாக இருந்தது. கையில் யாரோ தேங்காய்ப் பையைக் கொடுத்திருந்தார்கள்.

"ஏ ஆசாரியாரே, செத்த நிறுத்தும்!" கூட்டத்தை விலக்கிக்கொண்டு இசக்கியம்மாள் முன்னால் வந்தாள். "பிள்ளைக்கு ரெண்டு காது இருக்குல்லா? பெறகு ஒரு மடியிலயே ரெண்டையும் குத்துனா எப்படி?"

மண்டபமே சிரித்தது. "எனக்குக் காதுதாம்மா வேணும், மடி யாருதுன்னா என்ன?" என்றார் ஆசாரி. சங்கரசுப்பிரமணியன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மணையை விட்டு எழுந்தான். "உக்காருங்கண்ணே. இந்தக் காது ஒங்க மடியிலதான்" என்று பிள்ளையை நீட்டினான்.

தேங்காய்ப் பையை எங்கே வைத்தார் என்று ஆவுடைநாயகத்துக்கே தெரியாது. உட்கார்ந்தார். வாங்கினார். இடது காதிலும் கம்பி ஏறியது. பிள்ளை வீறிட்டு, விக்கி, தேம்பி, கடைசியில் அவர் நெஞ்சில் மூக்கைத் தேய்த்துக்கொண்டு அடங்கியது. சற்று நேரத்தில் புது வேட்டியில் கதகதவென்று ஈரம் பரவியது.

"ஐயோ அண்ணே, வேட்டி!" பிரியதர்ஷினி பதறிக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டினாள். "குடுங்க பிள்ளைய."

ஆவுடைநாயகம் கொடுக்கவில்லை. வேட்டியின் நனையாத முனையை இழுத்துப் பிள்ளையின் காலைத் துடைத்துவிட்டு, இன்னும் வாகாகச் சம்மணத்தை அகட்டி உட்கார்ந்தார்.