சாட்சியைத் துவைத்தவள்

படார், படார் என்று ஒரு சத்தம். திருவொற்றியூரில் நாங்கள் புதிதாகக் குடித்தனம் வைத்த நாட்களில், ஷிஃப்ட் முடிகிற சாயங்காலம் தெரு முழுக்க அதுதான் கேட்கும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கம்பெனியிலிருந்து வந்த சட்டைகளைப் பெண்கள் உதறுகிற சத்தம். எனக்கோ புறாக்கள் கூட்டமாக எழும்புவது போலக் கேட்கும். எம்.ஏ. தமிழ் படித்தவளுக்கு எதுவும் அதுவாகவே கேட்காது.

நானும் அப்படி உதறித் துவைத்த சட்டைகளின் தூசிதான் இப்போது என் நுரையீரலின் உறையில் புற்றுநோயாக இருக்கிறது என்றார் டாக்டர். கம்பெனி மேல் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டேன். வாய்தாவுக்கு அலைகிற என் இனத்தாரே, உங்களுக்கே தெரியும்: வாதியாக இருப்பதும் ஒரு தொழில்தான். லீவு கிடையாது, ரிட்டையர்மெண்டும் கிடையாது.

எந்த செக்‌ஷன்?

வழக்குக்கு முன்னால், நல்லபடியாகக் கேட்டால் கொடுத்துவிடுவார்கள் என்று நம்பி நேராகக் கம்பெனிக்கே போனேன். அதிகாரி சின்ன வயசு, மரியாதையாக நாற்காலி போட்டார். எந்த செக்‌ஷனில் வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார். நான் எதிலும் இல்லை, என் வீட்டுக்காரர்தான் மூட்டை பிரித்துக் கொட்டுகிற இடத்தில் இருந்தார் என்றேன். அவருக்கு என்ன உடம்பு என்றார். ஒன்றுமில்லை, அதோ வாசலில் நின்று வேர்க்கடலை தின்றுகொண்டிருக்கிறார் என்று காட்டினேன். காட்டாமல் இருந்திருக்கலாம்.

"மேடம், சீக்கு வந்தவங்க இங்க வேலை பாக்கல. வேலை பாத்தவருக்கு சீக்கு வரல. நான் யார் பேர்ல ஃபைல் போடுறது?"

இருமல்

கோர்ட்டு மாடிப்படியில் நான் பாதியில் நின்று மூச்சு வாங்குவேன். என் வீட்டுக்காரர் கோவிந்தன் என் எக்ஸ்ரே கவரோடு மேலே போய் நின்றிருப்பார். அதைக் கம்பெனி வக்கீல் பார்த்துவிட்டார். மூட்டை பிரித்தவரே கல்லு மாதிரி நிற்கிறார், மனைவிக்கு மட்டும் எப்படி வரும் என்று என்னைக் கூண்டில் வைத்துக் கேட்டார். அதற்கடுத்த வாய்தாவிலிருந்து கோர்ட்டு வராந்தாவில் கால் வைத்ததும் இவர் இருமத் தொடங்கினார். அப்படியொரு மோசமான நடிப்பு. நிஜமாகவே இருமுகிறவளுக்குத்தான் அந்த வெட்கம் புரியும். சட்டையைப் பிடித்து இழுத்து, என்ன இது என்றேன்.

"இன்னாமே பண்றது? நா நல்லா கீறதுதான் உன் கேசுக்கு பேஜாரு. அதான் கொஞ்சம் இருமிக்கினேன்."

கஞ்சி போட்ட சாட்சி

அடுத்து கம்பெனி வக்கீல் என் படிப்பைப் பிடித்தார். எம்.ஏ. படித்தவர் அழுக்குச் சட்டையைக் கையால் துவைத்திருப்பாரா, கம்பெனியிலேயே சலவை இருந்ததே என்றார். எங்கள் வக்கீல் கலைச்செல்வி, பழைய வேலைச் சட்டை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். தையலில் தூசி இருந்தால் சோதனைக்கு அனுப்பலாமாம். பரணில் ஒன்று கிடந்தது. அப்படியே கவரில் போட்டுக் கொண்டுவரச் சொன்னாள்.

எடுத்துப் பார்த்தேன். காலரெல்லாம் கறுப்பு. இதையா ஜட்ஜ் முன்னால் வைப்பது? புத்தி விழிப்பதற்குள் கை சோப்பைத் தேடிப் போயிருந்தது. கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, இல்லாத பொத்தானையும் தைத்துக் கொடுத்தேன். கலைச்செல்வி பிரித்து, மோந்து பார்த்து, அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, கொலை செஞ்சவன்கூட இவ்ளோ சுத்தமா துவைச்சிருக்க மாட்டாம்மா!"

வெளுத்த பிறகு

மறைக்க வேண்டாம் என்று அவளே சட்டையை ஜட்ஜிடம் கொடுத்து நடந்ததைச் சொன்னாள். கம்பெனி வக்கீல் வாய்விட்டுச் சிரித்தார். அதுவரை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்த ஜட்ஜ் நிமிர்ந்து, யாராவது துவைக்கச் சொன்னார்களா என்று என்னைக் கேட்டார். இல்லை ஐயா, வேண்டாமென்றுதான் சொன்னார்கள், ஞாபகம் வரும்போது பாதி அலசிவிட்டேன் என்றேன். டாக்டரின் சாட்சியமும் சேர்ந்து, பின்னால் வந்த தீர்ப்பு என் பக்கம். ஆனால் நான் ஜெயித்தது அன்றைக்குத்தான். ஜட்ஜ் சட்டையை மடித்து வைத்துவிட்டு, சிரித்தவரைப் பார்த்துச் சொன்னார்:

"இந்தம்மா கையால துவைச்சாங்களான்னு கேட்டீங்களே வக்கீல் சார், இன்னும் சந்தேகமா?"

கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போயிருக்கிறது, நான் பழையபடி வாய்தாவுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன், ஒரு நோயும் இல்லாத என் வீட்டுக்காரர் போன ஆடியில் மாரடைப்பில் இறந்துபோனார்.