பர்வீன் அக்காவின் நாற்காலியும் என் ஸ்பூனும்

பர்வீன் அக்கா இறந்த செய்தி மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்தது. கம்பெனி கேண்டீனில் இடது கையில் ஸ்பூனைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். மேசைமேல் கிடந்த போனில் தையல் பிரிவின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஒரு வரி: “நம்ம பர்வீன் சூப்பர்வைசர் காலைல மவுத்தாயிட்டாங்க. ஹார்ட் அட்டாக்.” படித்ததும் நான் அழவில்லை. கையிலிருந்த ஸ்பூனைத் தட்டுக்கு அடியில் தள்ளி மறைத்தேன். அவர் எதிரே வந்து உட்கார்ந்துவிட்டதுபோல் இருந்தது.

தையல் பிரிவில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும், வேலூர் ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி கூடத்தில் எங்களோடு காத்திருந்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். உங்களுக்கு அவரைத் தெரியும். அவர் சிரித்தால் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கும். என்னைத்தான் அவ்வளவாகத் தெரியாது. எக்ஸ்போர்ட் அலுவலகத்தில் மூலை மேசை. பேசாத பெண். அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்க்கிறார். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்.

மூன்று வருடங்களுக்கு முன்பு, மாலை ஷிப்ட் முடிந்து போன கம்பெனி வேன் டயர் வெடித்துக் கவிழ்ந்தது. என்னைத் தூக்கி ரோட்டில் போட்டிருந்தது. சுடிதார் தோளிலிருந்து இடுப்புவரை கிழிந்திருந்தது. வலி பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வெட்கம். சுற்றிலும் கால்கள், கால்களுக்கு மேலே போன்கள். மறைத்துக்கொள்ள வலது கையைத் தூக்கப் பார்த்தேன். அது என் பேச்சைக் கேட்கவில்லை. அப்போது ஒரு கறுப்புத் துணி என்மேல் விழுந்தது. அதே வேனில் வந்த பர்வீன் அக்காவின் புர்கா. முட்டி உடைந்த காலை இழுத்துக்கொண்டு தரையில் தேய்ந்தபடி வந்திருக்கிறார். அதுவரை நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. போன் வைத்திருந்த ஆளைப் பார்த்து, “உங்க ஊட்டுப் பொம்பள உழுந்தாலும் இப்டித்தான் புடிப்பியா? போன வெச்சிட்டுத் தண்ணி கொண்டா!” என்று கத்தினார். அந்த ஆள் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

ரத்தத்தில் ஒட்டிப்போன அந்தப் புர்காவை ஆஸ்பத்திரியில் கத்தரியால் வெட்டித்தான் எடுத்தார்கள். பிறகு அதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் அக்கா, “உன்னால என் கிழிஞ்ச நைட்டி ஹைவே முழுக்கத் தெரிஞ்சிடுச்சி. ஷிப்டுக்கு லேட்டாச்சேன்னு அதும்மேலயே புர்காவ மாட்டிக்கினு வந்தேன், மானம் போச்சி” என்பார். நான் தலை குனிந்துகொள்வேன். அவர் இன்னும் சிரிப்பார்.

எலும்பு கூடிய பிறகுதான் எங்கள் உண்மையான சிகிச்சை தொடங்கியது. என் வலது கை விரல்கள் மரக்கட்டைபோல் விறைத்திருந்தன. கட்டைவிரல் மற்ற விரல்களோடு சேராது. அக்காவுக்கு முட்டி மடங்காது. பிசியோதெரபிஸ்ட் ஸ்டெல்லா மேடம் என் கையை உருக்கிய மெழுகில் முக்கி எடுப்பார். மெழுகு உறைந்து கையுறைபோல் ஆகும். அந்தச் சூட்டில் விரல்கள் கொஞ்சம் இளகும்போது ஒவ்வொன்றாக மடக்குவார். நான் வாயில் துப்பட்டாவை வைத்துக் கடித்துக்கொள்வேன். பக்கத்துக் கட்டிலில் அக்கா தயக்கமே இல்லாமல் அலறுவார். “கத்துடி கலை. கத்துறதுக்குத் தனியா பில்லு போடமாட்டாங்க.”

வெளியே ரோட்டில் லாரி ஹாரன் அடித்தால் இளகிய விரல்கள் தாமாகவே இறுகிவிடும். அக்காவின் தொடையும் அப்படியே. ஸ்டெல்லா மேடம் அப்போது மடக்க மாட்டார். கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பார். “மூச்ச விடுங்க. பயம் விட்டாத்தான் விரல் விடும். விரல் விட்டாத்தான் பயமும் விடும். ரெண்டையும் சேத்தே பாப்போம்” என்பார். கூடத்தின் ஓரத்தில் ஏறி இறங்கிப் பழக மரப்படிகள் இருந்தன. அக்கா அதற்கு ‘வேன்’ என்று பெயர் வைத்தார். “வா, சீட்டு புடிக்கலாம்” என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டு கைப்பிடியைப் பற்றி ஏறுவார். நிஜ வேனில் மறுபடி ஏறிய நாளிலும் அதையேதான் சொன்னார்.

“உங்களுக்கு என்ன செய்ய வரணும்?” என்று ஸ்டெல்லா மேடம் ஒருநாள் எங்களைக் கேட்டார். அக்கா உடனே சொன்னார்: “தரையில உக்காந்து தொழணும்.” பிறகு மெதுவாக, “எல்லாருக்கும் முன்னாடி கையால சாப்பிடணும்” என்றேன். அதுவரை வீட்டில் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு இடது கையால் சாப்பிட்டுவந்தேன். அம்மா பார்த்தால்கூடக் கூசும்.

அன்றிலிருந்து மதியச் சாப்பாடு கூடத்துப் பாயில்தான். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்காரப் பழகுவார். நான் வலது கையால் சோற்றை எடுக்கப் பழகுவேன். அவர் பாதி வழியில் தொப்பென்று விழுவார். என் கையிலிருந்து சோறு வாய்க்குப் போகும் வழியில் மடியில் கொட்டும். யாராவது உள்ளே வந்தால் நான் கையை இழுத்துக்கொள்வேன். அப்போது அவர் சொன்னதுதான் இது: “வெக்கம் பாட்டுக்கு வெக்கம் இருக்கட்டும்டி. சோறு பாட்டுக்குச் சோறு போவட்டும்.”

அக்காவின் முட்டி ஓரளவுக்கு மேல் மடங்கவில்லை. “இன்னும் கொஞ்சம் வருமா மேடம்?” என்று ஒருநாள் கேட்டார். ஸ்டெல்லா மேடம் பொய் சொல்லவில்லை. அக்கா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அப்படியே படுத்திருந்தார். அவர் சத்தமே இல்லாமல் இருந்ததை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். பிறகு துண்டை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, “அப்போ நல்ல சேரா ஒண்ணு வாங்கணும்” என்றார்.

சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை வாங்கினார். அந்த ரமலானில் பெண்கள் கூடித் தொழும் ஒரு வீட்டுக்கு அதைத் தூக்கிப் போயிருக்கிறார். கிழவிகள்கூடத் தரையில் இருக்க, இவர் மட்டும் நாற்காலியில். முணுமுணுப்பு கேட்டதாம். “இன்னா சொன்னீங்க?” என்று கேட்டேன். “இன்னா சொல்றது? இவ்ளோதான் மடங்கும்னு காலைத் தூக்கிக் காட்டிட்டேன். அல்லாவுக்கு என் முட்டி தெரியும். இவளுங்களுக்கும் தெரியட்டுமே.”

நான் காட்டவில்லை. என் கை அவர் முட்டியைவிட நன்றாகவே தேறியது. கையெழுத்துப் போடலாம், டைப் அடிக்கலாம். சோறு மட்டும் விரலிடுக்கில் சிந்தும். வேலைக்குத் திரும்பிய முதல் நாளே கேண்டீனுக்கு ஸ்பூன் கொண்டுபோனேன். “டிகிரி படிச்சவங்க கையால சாப்பிட்டா டிகிரி அழிஞ்சிடுமா மேடம்?” என்று பேக்கிங் சுமதி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது வசதியாக இருந்தது. திமிர் பிடித்தவள் என்று நினைப்பது, கை விளங்காதவள் என்று தெரிவதைவிடப் பரவாயில்லை என்று தோன்றியது. எங்கள் தெருவில் யாருமே படிக்காத படிப்பைப் படித்து, கடைசியில் அதை ஒரு ஸ்பூனுக்குத் திரையாகப் போட்டேன்.

அக்கா சுமதியிடம், “அவ ஸ்பூனு, அவ வாயி. உனக்கு இன்னாடி பேஜாரு?” என்றார். கை கழுவும் இடத்தில் என்னிடம் தனியாகச் சொன்னார்: “நான் சொல்லமாட்டேன் கலை. நீயா சொல்லு.” அதற்குப் பிறகு ஒருமுறைகூடக் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு மதியமும் எனக்கு எதிரே உட்கார்ந்தார். நான் ஸ்பூனை எடுக்கும்போது வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இறந்த மூன்றாம் நாள் ஓதும் ஜியாரத்துக்கு அவர் வீட்டுக்குப் போனேன். பெண்கள் இருந்த அறையில் துணி விரித்து குஸ்காவும் தால்சாவும் வைத்தார்கள். சுவரோரம் அந்தச் சிவப்பு நாற்காலி காலியாக இருந்தது. கூட்டம் நெருக்கியும் யாரும் அதில் உட்காரவில்லை. அக்காவின் மகள் ஆப்ரின் கூட்டத்துக்குள் நுழைந்து வந்து என் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பூனை வைத்தாள். “அம்மி சொல்லுவாங்க, கலை ஆண்ட்டி வந்தா மறக்காம ஸ்பூன் வைக்கணும்னு” என்று காதோடு சொன்னாள். அக்கா காரணத்தை மகளிடம்கூடச் சொல்லவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

ஸ்பூனை அவளிடமே கொடுத்துவிட்டு வலது கையைத் தட்டில் வைத்தேன். முதல் கவளம் பாதி சிந்தியது. இரண்டாவது இன்னும் மோசம். எதிரே இருந்த அம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தார். வெட்கம் காதுவரை சுட்டது. அது போகவே இல்லை. அதோடுதான் சாப்பிட்டு முடித்தேன். எழுந்தபோது மடியெல்லாம் சோறு. ஆப்ரின் ஒரு துண்டைக் கொண்டுவந்து நீட்டினாள். என் கையைப் பார்த்தாள். “வலிக்குதா ஆண்ட்டி?” என்று மட்டும் கேட்டாள்.

திங்கட்கிழமை கேண்டீனில் சுமதி, “இன்னா மேடம், ஸ்பூன மறந்துட்டீங்களா?” என்றாள். மறக்கவில்லை என்றேன். குரல் எழும்பவில்லை. அவள் “ஆங்?” என்று குனிந்தாள். நான் கையைத் தூக்கி, கட்டைவிரலை மற்ற விரல்களை நோக்கிக் கொண்டுபோய், அது நின்ற இடத்தில் நிறுத்திக் காட்டினேன்.

“இவ்ளோதான் மடங்கும்.”

சுமதி தன் தட்டைப் பார்த்தாள். எதிர் நாற்காலி காலியாக இருந்தது. நான் சோற்றைப் பிசைந்தேன்.

பர்வீன் அக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்த ஒரு வரிதான். அவர் அதைக் காலைத் தூக்கிச் சத்தமாகச் சொன்னார். எனக்கு இன்னும் மெதுவாகத்தான் வருகிறது.