குழிக் குழாயின் சாவி

கல்யாணமாகிப் பீளமேட்டுக்கு வந்த இரண்டாம் வருஷம், என் காலைப்பொழுதையெல்லாம் ஒரு குழாய் தின்றுகொண்டிருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஆறு குடும்பங்கள் இருந்த லைன் வீடு. சிறுவாணித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். ஐந்து மணிக்கும் வரலாம், எட்டு மணிக்கும் வரலாம். வேகம் பத்தாது என்று குழாயை இடுப்பளவுக் குழிக்குள் இறக்கியிருந்தார்கள். அடுத்த சந்துக்காரர்கள் பிடித்துவிடாமலிருக்க மேலே தகர மூடி, அதற்கொரு பூட்டு. சாவி முறைவைத்து வீடு மாறும். முறைக்காரி குழாயைத் திறந்துவிட்டு, அடியில் ஒரு டப்பாவைக் கவிழ்த்துவைத்து, மூடியைப் பூட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். தண்ணீர் விழுந்து டப்பா தடதடத்ததும் ஓடிவந்து திறந்து, எல்லா வீட்டையும் கூப்பிட வேண்டும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏழிலிருந்து எட்டு மணி வரை எனக்கு டைப்ரைட்டிங் வகுப்பு. "இந்த ஒருக்கா எழுதிப் பாரு கண்ணு, இல்லீன்னா ஊட்டோட இருந்துக்கலாம்" என்று சொல்லித்தான் மாமியாரான அத்தை சம்மதித்திருந்தார். டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சையில் தேறினால் ஒரு மோட்டார் கம்பெனி ஆபீசில் வேலை கிடைக்கும். என்ன சமைப்பது, எந்த விசேஷத்துக்கு எந்தச் சேலை கட்டுவது, எல்லாவற்றையும் வேறு யாராவது முடிவு செய்துவிடுவார்கள். என் பீரோவைக்கூட அத்தை என்னைக் கேட்காமல்தான் திறப்பார். அந்த ஒரு மணி நேரம் மட்டும் நானே வாய்விட்டுக் கேட்டு வாங்கியது. அத்தைக்கு முட்டிவலி, குழியில் இறங்க முடியாது. கணவர் ஆறு மணிக்கே மில்லுக்குப் போய்விடுவார். ஆகவே தண்ணீர் வரும் நாளெல்லாம் என் வகுப்புக்குத்தான் கேடு.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது எங்கள் முறை வந்தது. ஆறே முக்கால் வரை டப்பா வாயைத் திறக்கவில்லை. வாசலுக்கும் குழிக்கும் பத்துத் தடவை நடந்தேன். இன்றைக்கு வராது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, அத்தையிடம்கூடச் சொல்லாமல் கிளம்பிவிட்டேன். சாவி என் கைப்பையிலேயே இருந்தது.

எட்டரைக்குத் திரும்பினால், குழியைச் சுற்றி ஆறு வீட்டுக் காலிக் குடங்கள். தண்ணீர் ஏழே காலுக்கு வந்து எட்டுக்கு நின்றுவிட்டது. இதோ வந்துவிடுவேன் அதோ வந்துவிடுவேன் என்று, மூடிக்கடியில் டப்பா தடதடப்பதைக் கேட்டபடி அத்தனை பேரும் நின்றிருக்கிறார்கள்.

யாரும் திட்டவில்லை. பக்கத்து வீட்டு அக்கா, "உடு கண்ணு, நாளன்னிக்கி வராமயா போயிரும்?" என்றார்.

"பூட்ட ஒடச்சிருக்கலாமுங்களேக்கா?"

"அதெப்படி கண்ணு? உன்ற மொறையாச்சே."

திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி ஆற்றிக்கொண்டிருப்பேன். அடுத்த தண்ணீர் வரும்வரை போர்வெல் தண்ணீர்தான்; அதன் உப்பில் பருப்பு வேகாது. அந்த இரண்டு நாளும் ஒவ்வொரு வீட்டுக் குக்கரும் கூடுதலாக விசில் அடிக்கும்போதெல்லாம் கூனிக்குறுகினேன்.

மறுநாள் அக்கா வந்து சாவியை வாங்கிக்கொண்டார். "உன்ற மொறையவும் நாங்க பாத்துக்கறம் கண்ணு. உங்கூட்டுக் குடத்தையும் நானே ரொப்பி வெச்சர்றேன். நீ பரிச்சைக்குப் படி." அத்தைக்கும் அது நல்ல ஏற்பாடாகப் பட்டது. நான் வேண்டியதெல்லாம் கிடைத்துவிட்டது.

ஆனால் வகுப்பில் விரல் நிலைகொள்ளவில்லை. ஒரு பக்கத்துக்கு ஏழெட்டுப் பிழை. எங்கோ தகரம் தட்டுகிற சத்தம் கேட்டாலே எழுந்திருக்கத் தோன்றியது. குற்ற உணர்ச்சி என்றுதான் முதலில் நினைத்தேன். நாலைந்து நாள் கழித்துத்தான் புரிந்தது, அது என்மேலேயே எனக்கு வந்த கோபம். மற்ற ஐந்து வீட்டுக்காரர்களும் குடிதண்ணீரையே விட்டார்கள், ஆனால் என் பூட்டில் கைவைக்கவில்லை. என்னைக் கேட்காமல் யாரும் தொடாத பொருள் என்று என் வாழ்க்கையில் இருந்தது அது ஒன்றுதான். அதைத்தான் நான் தொல்லை என்று கைகழுவியிருந்தேன்.

வகுப்பு வாத்தியாரிடம் போய் மாலை நேரத்துக்கு மாற்றித் தரச் சொன்னேன். மாலையில் காலியாக இருந்தது ஒரே ஒரு மிஷின், அதிலும் ஒரு எழுத்து அடித்தால் ஒட்டிக்கொண்டு மேலே வராது. பரவாயில்லை என்று அதிலேயே பழகினேன். பரீட்சையில் சுமாரான மார்க்கில் தேறியது பிறகு நடந்தது.

எங்கள் அடுத்த முறைக்கு முந்தின நாள் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"சாவி வேணுங்கக்கா."

"உனக்கெதுக்கு கண்ணு தொந்தரவு? பரிச்சை வேற பக்கத்துல வந்துருச்சு."

"என்ற மொறைங்கக்கா. குடுங்க."

மறுநாள் ஐந்து மணிக்கே குழியோரம் போய் உட்கார்ந்தேன். அன்றைக்குத் தண்ணீர் எட்டு மணிக்குத்தான் வந்தது. எரிச்சல் கொஞ்சமும் குறையவில்லை, டப்பாவை வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஆனால் அன்றைக்கு அங்கே போய் உட்காரச் சொல்லி யாரும் என்னிடம் சொல்லியிருக்கவில்லை.