சத்தம் போடாத பிள்ளை

ஜோதிமணிக்கு இந்தக் கோடையில் தூக்கத்தைத் தவிர வேறு ஆசை எதுவும் இருக்கவில்லை. ஓசூர் சிப்காட் பக்கம், வண்டிகளுக்கு ஒயரிங் கட்டிக் கொடுக்கும் கம்பெனியில் காலை ஷிப்ட். பலகையில் ஒயர்களை வரிசையாக மாட்டி, டேப் சுற்றி, அடுத்து நிற்கும் பெண்ணிடம் தள்ளவேண்டும். எல்லாம் நின்றபடிதான். வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்ததும், கால் இரண்டும் இன்னும் தன்னோடுதான் இருக்கின்றனவா என்று தடவிப் பார்த்துக்கொள்வாள்.

அவள் புருஷன் ராஜசேகர் இரும்பு உருக்கும் கம்பெனியில் நைட் ஷிப்ட். எல்லோரும் வேண்டாம் என்று ஓடுகிற நைட்டை அவன் கேட்டு வாங்கிக்கொண்டான். மகள் தர்ஷினி பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீட்டில் யாராவது ஒரு ஆள் இருக்கவேண்டும் என்று புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து போட்ட திட்டம் அது. திட்டம் தப்பவே இல்லை. யாராவது ஒரு ஆள் எப்போதும் வீட்டில் இருந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

வீடு என்றால் ஒரு அறை, ஒரு சமையல் மூலை, மேலே சிமென்ட் ஷீட். பகலெல்லாம் அப்பா தூங்குவார். அவர் எழுந்து கிளம்பினால் அம்மா வந்து சாய்ந்துவிடுவாள். அதற்குள் வளர்ந்த பிள்ளை எல்லாவற்றுக்கும் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தது. குழாயைத் திறக்குமுன் அதன் வாயில் ஒரு துணியைக் கட்டித் தொங்கவிட்டு, தண்ணீரைச் சத்தமில்லாமல் பக்கெட்டுக்குள் இறக்கும். பாட்டு என்றால் உதடு மட்டும் அசையும். அஞ்சாங்கல் ஆடவேண்டுமானால் அம்மாவின் பழைய துப்பட்டாவை நாலாக மடித்துத் தரையில் விரித்து, அதன்மேல் ஆடும். கல் விழுந்தது கல்லுக்கே தெரியாது.

"ஒள்ளே புள்ள இது. இருக்கறதே தெரியல பாரு" என்று வீட்டுக்கார மாதம்மாள் கன்னடத்தையும் தமிழையும் கலந்து மெச்சுவார். ஜோதிமணிக்குத் தலைகால் புரியாது. லைனில் பக்கத்தில் நிற்கும் பிரியாவிடம், "எங்க பாப்பாவுக்கு அமைதியான சுபாவம்" என்று சொல்லிக்கொள்வாள். பாவம், அவள் அதை மனதார நம்பினாள்.

ஐந்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும் தர்ஷினியை மத்தூரில் இருக்கும் ஜோதிமணியின் அக்கா பூவம்மாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அக்காவும் மாமாவும் கடைத்தெருவில் மாவு மில் வைத்திருக்கிறார்கள். வீடு மில்லுக்குப் பின்னாலேயே. பள்ளிக்கூடத்தில் லீவு டைரி எழுதச் சொல்லியிருந்தார்கள். எழுதினால் கை வலிக்கிறது என்று பிள்ளை அதைப் பேசியே முடித்துக்கொண்டது. தினமும் பெரியம்மாவின் போனிலிருந்து ஒரு குரல் செய்தி வரும். ஜோதிமணி அதைத் திரும்பி வரும் பஸ்ஸில், காதில் இயர்போன் வைத்துக் கேட்பாள்.

முதல் முதலில் வந்தது இப்படி: "அம்மா, இன்னிக்குப் பாட்டு, பெரியப்பா ரேடியோவுல போட்டது. ஆட்டம், தாயம். நான் தோத்துட்டன். அவ்ளோதான்." பின்னால் மில் கடகடத்ததில் பாதிக்குமேல் காதில் விழவில்லை. ஜோதிமணி சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டாள்.

போகப் போக டைரி வளர்ந்தது. "இன்னிக்குப் பாட்டு, மாங்கா லாரிக்காரர் போட்ட தெலுங்குப் பாட்டு. அர்த்தம் தெரியல, ஆனா முழுசும் பாடுவன், கேளு." பாடியது. "இன்னிக்கு ஆட்டம், கபடி. பசங்களோட. முட்டி பேந்துடுச்சி, பெரியம்மா மஞ்சத் தூள் வெச்சாங்க." மாரியம்மன் கோயிலில் கூத்து வைத்தபோது, கட்டியக்காரன் மாதிரி தொண்டையைத் திறந்து ஒரு பாட்டு வந்தது. இப்போதெல்லாம் ஜோதிமணி சத்தத்தைக் குறைத்து வைத்துத்தான் கேட்கவேண்டியிருந்தது. இந்தக் குரல் இதுவரை எங்கே இருந்தது என்று அவள் யோசித்திருக்கலாம். அலுப்பில் அந்த யோசனை ஓடவில்லை. கேட்டுச் சிரித்துவிட்டு, ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள்.

மே மாதம் பாதி ஆனபோது வந்த செய்தியில் பாட்டும் இல்லை, ஆட்டமும் இல்லை. "அம்மா, ஆறாவது இங்கயே சேர்ந்துக்கறியான்னு பெரியம்மா கேட்டாங்க. நான் சரின்னுட்டன்."

ஜோதிமணி அதை மறுபடி மறுபடி கேட்டாள். எத்தனை முறை கேட்டாலும் அதேதான் சொன்னது. வீட்டுக்கு வந்தபோது ராஜசேகர் வாசலில் குனிந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"பாப்பா சொன்னதைக் கேட்டீங்களா?"

"எனக்கும் அனுப்பினா, கேட்டன். அங்க நல்லாருக்கான்னா இருக்கட்டும் ஜோதி. இங்க வந்து என்னா பண்ணப்போறா? நாம தூங்கறதைப் பாத்துகினு உக்காந்திருப்பா."

"பெத்தவங்க நாம எதுக்கு அப்பறம்?"

தெருமுனையில் அவன் கம்பெனி பஸ் ஆரன் அடித்தது. அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான், ஏதோ சொல்ல வந்தான், மறுபடி ஆரன் அடித்ததும் ஓடினான். ஜோதிமணிக்கு அவன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவன் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை என்பதால் இன்னும் கூடுதலாக வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் மத்தூருக்குக் கிளம்பினாள். முந்தின நாள் ஓவர்டைம் பார்த்த உடம்பு. கிருஷ்ணகிரியில் பஸ் மாறும்போது வெயில் மண்டையைப் பிளந்தது. பிள்ளையிடம் சொல்லவேண்டியதை வழியெல்லாம் அடுக்கிக்கொண்டே வந்தாள். அம்மாவால் உன்னை விட்டுவிட்டு இருக்க முடியாது, வந்துவிடு. அவ்வளவுதான் விஷயம். ஆனால் வந்து என்ன செய்வாய் என்ற இடத்துக்கு வந்ததும் பேச்சு நின்றுபோனது.

கடைத்தெருவில் திரும்பும்போதே மில் சத்தத்துக்கு மேலே ஒரு பெண்பிள்ளை பாடுவது கேட்டது. யார் வீட்டுப் பிள்ளை இப்படிக் கூச்சமே இல்லாமல் கத்துகிறது என்று எட்டிப் பார்த்தாள். அவள் வீட்டுப் பிள்ளைதான். மூட்டைமேல் ஏறி நின்று, தலையெல்லாம் மாவு வெள்ளையாக, கையை நீட்டி நீட்டிப் பாடிக்கொண்டிருந்தது. கீழே இரண்டு பிள்ளைகள் தகர டின்னைத் தட்டின.

தர்ஷினி அம்மாவைப் பார்த்ததும் பாட்டு அறுந்தது. மூட்டையிலிருந்து இறங்கி, டின் தட்டியவர்களைப் பார்த்து உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, மெல்ல அடியெடுத்து வந்து, அம்மாவின் காதோடு காதாகக் கேட்டது:

"அம்மா, தூங்கறியா? பாய் போடட்டா?"

ஜோதிமணிக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

"என்னாடி இவ, இம்மா நேரம் தொண்ட கிழியக் கத்தினா, உன்னப் பாத்ததும் கிசுகிசுன்னு பேசறா?" என்றாள் பூவம்மாள். அமைதியான சுபாவம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது நினைவுக்கு வந்து ஜோதிமணிக்கு வெட்கமாக இருந்தது.

சாப்பிட்டு முடித்துப் பின்னறையில் உட்கார்ந்தார்கள். தர்ஷினி அஞ்சாங்கற்களை எடுத்தது. பிறகு, யாரும் சொல்லாமலே, அம்மாவின் பையிலிருந்து துப்பட்டாவை உருவி, நாலாக மடித்துத் தரையில் விரித்தது. ஜோதிமணி அந்தத் துணியைப் பிடித்து இழுத்து ஓரமாகப் போட்டாள்.

"சும்மா தரையில ஆடு."

"சத்தம் வருமே?"

"வரட்டும்."

பிள்ளை அம்மாவின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, கல்லை விட்டது. சிமென்ட் தரையில் டணார் என்று விழுந்தது. ஜோதிமணி சுவரோரம் பாயில் படுத்துக்கொண்டு அதைப் பார்த்தாள். இந்த ஆட்டம் முடிந்ததும் பேசிவிடலாம் என்று இருந்தாள்.

அவள் கண் விழித்தபோது ஜன்னல் வெயில் இறங்கிவிட்டிருந்தது. முகத்தில் பாயின் கோடு. பக்கத்தில் தர்ஷினி வியர்த்து வழிந்தபடி சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவளையே அதிசயமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏன்டி எழுப்பல?"

"நான் எழுப்பலையா? கல்லு ஆடினன். பாடினன். பெரியப்பா மொளகா அரைச்சாரு. மில்லுல வேல செய்யற சின்னராஜ் அண்ணன் பெரிய டின்ன கீழ போட்டாரு, பெரியம்மா அலறிட்டாங்க. நீ அசையவே இல்லம்மா." கொஞ்ச நேரம் கல்லை உருட்டிவிட்டு அது கேட்டது, "அப்போ வீட்லயும் உனக்குக் கேக்காதா?"

ஜோதிமணி எழுந்து உட்கார்ந்தாள். இடி விழுந்தாலும் எழாத இந்தத் தூக்கத்துக்காகவா பிள்ளை இத்தனை வருஷம் குழாய்க்குத் துணி கட்டியது? ஒரு நாளாவது கேட்கிறதா இல்லையா என்று யாராவது பார்த்தார்களா? சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"கேக்காது போலிருக்குடி."

"அப்பாவுக்கு?"

"உங்கப்பா என்ன விட மோசம்."

தர்ஷினி பெரியம்மாவின் போனை எடுத்து, அந்த நாளின் டைரியை அப்பாவுக்குப் பேச ஆரம்பித்தது. மில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே எழும்பும்படி தொண்டையைத் திறந்தே பேசியது.

"அப்பா, இன்னிக்குப் பாட்டு, தெலுங்குப் பாட்டு. ஆட்டம், அஞ்சாங்கல், துணி போடாம. அம்மா நல்லாத் தூங்கிட்டாங்க. நான் அம்மாவோட வீட்டுக்கே வந்துடறன். நீ பாட்டுக்குத் தூங்கு, நான் ஆடுவன்."