காதூனும் பீபியும் ஒரே ஆள்தான்

இன்னிக்கு அலிப்பூர் ஆபீஸில் வாக்காளர் பட்டியல் விசாரணை. நோட்டீஸ் வந்தது எனக்கில்லை, கிடர்பூரில் எங்கள் பக்கத்து வீட்டு ருபினா பாபிக்கு, அதாவது அண்ணிக்கு. "பயமா இருக்கு, கூட வரியா?" என்றார். லீவு போட்டுவிட்டுப் போனேன்.

ஸ்கூல் சர்ட்டிஃபிகேட்டில் அவர் ருபினா காதூன். கல்யாணத்துக்கு அப்புறம் எடுத்த வாக்காளர் அட்டையில் ருபினா பீபி. கல்யாணமானதும் காதூன் பீபி ஆவது அவர்கள் வீடுகளில் சகஜம். ஆனால் கம்ப்யூட்டருக்கு சந்தேகம் வந்துவிட்டது.

அதிகாரி இரண்டையும் பார்த்துவிட்டு, "இதில் நீங்க யாரு?" என்றார்.

"ரெண்டும் நான்தான் சார். ஆனா இருபது வருஷமா ஒரு ஓட்டுதான் போடறேன்."

அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. நிக்காஹ் பத்திரத்தைச் சரிபார்த்து, "பேர் இருக்கும், போயிட்டு வாங்க" என்றார்.

வெளியே வந்ததும் பாபி கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்குச் சுடச்சுட கச்சோரி வாங்கித் தந்தார்.

சாப்பிடும்போது சொன்னேன், என் வாக்காளர் அட்டையில் அப்பா பெயர் முன்னால் இருக்கிறது, பாஸ்புக்கில் பின்னால் இருக்கிறது என்று.

"அப்போ உனக்கு ஏன் நோட்டீஸ் வரலை?" என்றார் பாபி.

வாயில் கச்சோரி இருந்ததால் தப்பித்தேன். பதில் தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், பாபி நாளைக்கும் கேட்பார்.