ஊக்கால் குத்திய வைஃபை பெட்டி

முப்பது வருஷம் மில்லில் எலெக்ட்ரிகல் சூப்பர்வைசராக இருந்தவனுக்கு ஒரு வைஃபை பெட்டி எம்மாத்திரம் என்று நினைத்தேன். அந்தத் திமிருக்கு அடி விழுந்தது. ஆனால் விழுந்தது என் முதுகில் அல்ல. வெட்கக்கேடு அதுதான்.

கிணத்துக்கடவில் எங்கள் வீடு தென்னந்தோப்புக்கு நடுவில் இருக்கிறது. செல்போன் சிக்னல் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. கீழே ஹாலில் இருக்கும் பெட்டியின் வைஃபை மாடி அறைக்கு எட்டாது. அன்று பதினொரு மணிக்கு மருமகளுக்கு ஆன்லைனில் இன்டர்வியூ. குழந்தை பிறந்து மூன்று வருஷம் வீட்டிலேயே இருந்தவள், ஒரு மாதமாக விடிகாலையில் எழுந்து படித்துக்கொண்டிருந்தாள். கீழே குழந்தை கத்துவானே, அவள் மாடியில் நிம்மதியாக உட்காரட்டும் என்று இன்னொரு வைஃபை பெட்டி வாங்கி வந்தேன்.

"இன்னிக்கு எதுக்குங்க மாமா? நாளைக்கு ஆள வரச் சொல்லிக்கலாங்க" என்றாள்.

"ஆளெதுக்கு கண்ணு? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

புதுப் பெட்டியைச் சேர்ப்பதற்குப் பழைய பெட்டியின் செட்டிங்ஸைத் திறக்க வேண்டும். அது பாஸ்வேர்டு கேட்டது. எனக்குத் தெரியவில்லை. மருமகளிடம் கேட்கக் கௌரவம் விடுமா? யூடியூபில் ஒருவன், பின்னால் உள்ள சின்ன ஓட்டையில் ஊக்கை விட்டுப் பத்து எண்ணுங்கள் என்றான். எண்ணினேன். பெட்டி அணைந்து மறுபடி எரிந்தது, இன்டர்நெட் விளக்கைத் தவிர. கம்பெனிக்காரர்கள் அதற்குள் போட்டு வைத்திருந்த யூசர் நேம், பாஸ்வேர்டு எல்லாவற்றையும் நான் துடைத்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை.

"நெட் போயிருச்சுங்களா மாமா?"

"லைன்ல ஏதோ கோளாறு அம்மணி" என்றேன். வாய் கூசவில்லை.

கம்பெனி டெக்னீஷியனுக்குப் போன் போட்டு, "என்னங்க லைன் குடுக்கறீங்க நீங்க?" என்று அவள் காதில் விழும்படி சத்தம் போட்டேன். அவர் பொள்ளாச்சியில் வேறு வீட்டில் இருந்தார். வந்து சேரப் பன்னிரண்டு ஆயிற்று. அதற்குள் மருமகள் செல்போனோடு மொட்டை மாடி வெயிலில் நின்று, "ஹலோ, கேக்குதுங்களா, ஹலோ" என்று கத்தினாள். மூன்று முறை கட்டாகி, நாலாவது முறை இன்டர்வியூ செய்தவர்கள் எடுக்கவே இல்லை.

டெக்னீஷியன் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் வளைந்து கிடந்த ஊக்கையும் பார்த்தார். செட்டிங்ஸைத் திறந்தார். காலியாக இருந்தது. என் முகத்தை ஒரு தரம் பார்த்தார். அழுது சிவந்த கண்ணோடு மருமகள் வாசற்படியில் நின்றிருந்தாள்.

"போன வாரம் வயர் மாத்த வந்தப்ப, நான்தானுங்க செட்டிங்கை சரியா சேவ் பண்ணாம போயிட்டனுங்க. தப்பு என்னுதுங்க" என்றார்.

ஒரு பெரிய மனுஷனை அவர் வீட்டுப் பெண் எதிரில் தலைகுனிய வைக்க டெக்னீஷியனுக்கு மனசு வரவில்லை. எங்கள் ஊர் மரியாதை.

யாரிடமும் குரல் உயர்த்தாத மருமகள் வெடித்துவிட்டாள். "ஒரு வேலைய ஒழுங்கா செய்யத் தெரியாதுங்களா உங்களுக்கு? என் மூணு வருஷத்தைத் தொலைச்சுப்போட்டீங்களே!" அவர் தலையைக் குனிந்து, "மன்னிச்சுக்குங்க அம்மணி" என்றார். சொல்லியிருக்கலாம். நான்தான் கண்ணு என்று ஒரு வார்த்தை. வாயில் கொழுக்கட்டையை அடைத்தவன் மாதிரி நின்றேன். தூ!

பத்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் சரிசெய்து, மாடிப் பெட்டியையும் அவரே பொருத்தினார். கொடுத்த மோரைக் குடிக்கவில்லை. "வாரனுங்க" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போதும் நெட் மக்கர் செய்தால் மருமகள் சொல்வாள், "அந்த ஆள மட்டும் கூப்பிடாதீங்க மாமா, வேற யாரையாச்சும் வரச் சொல்லுங்க."

"சரி கண்ணு" என்கிறேன்.